பியானோ பங்களாவில் முன்வரிசை

பெல்மதுளை பஜாரில் நான் நாற்காலி வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், சாவு வீடு, தேர்தல் கூட்டம், பாடசாலை விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் போவது ஒரே நாற்காலிகள்தான். இருபத்தாறு வருடத் தொழிலில் நான் கற்றது ஒன்றே ஒன்று. வாசலில் வரும்போதே ஆளைப் பார்த்து, எந்த வரிசையில் உட்காருவார் என்று சொல்லிவிடுவேன். யார் உட்காரவே மாட்டார் என்றும் சொல்வேன். அந்தத் தைரியத்தில்தான் விஜயகலாவைப் பற்றி எழுதுகிறேன்.

விஜயகலா ஹார்ட்லிவுட் தோட்டத்துப் பியானோ பங்களாவில் வழிகாட்டி. வயது இருபத்தெட்டு. எண்பது வருடத்துக்கு முன்பு அந்தப் பங்களாவில் வாண்டர்லான் என்று ஒரு பறங்கித் துரை இருந்தார். தோட்டத்தைக் கணக்கப்பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு அவர் பாட்டுக்குப் பியானோவுக்கு இசை எழுதிக்கொண்டிருந்தாராம். இப்போது கொழும்பிலுள்ள ஒரு சங்கம் அதை நினைவு இல்லமாக வைத்து நடத்துகிறது. அவருடைய பியானோ, மூக்குக்கண்ணாடி, மழைக்கோட்டு, பொழுது போகாமல் அவர் வரைந்த ஓவியங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஆகஸ்ட் விடுமுறையில் சனிக்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்குப் புல்வெளியில் கச்சேரி. அதற்கு நாற்காலி என்னுடையது.

விஜயகலா பிறந்தது அதே தோட்டத்தின் கீழ் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில். அம்மா தங்கம்மா முப்பத்துநான்கு வருடம் அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அப்பா நேரத்தோடு காலமாகிவிட்டார். உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு விஜயகலா கித்துல்கலை ஆற்றில் சுற்றுலாப் படகு விடும் இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளைக்காரர்களுக்குத் தலைக்கவசம் மாட்டிவிட்டே ஆங்கிலம் பிடித்துக்கொண்டாள். சிங்களம் அவளுக்கு பஜாரிலேயே வந்திருந்தது. இரண்டு வருடத்தில் ஊருக்குத் திரும்பி, பங்களாவில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குப் போனாள்.

ஒருநாள் மண்சரிவில் பாதை மூடி, கொழும்பிலிருந்து வரும் வழிகாட்டி வரவில்லை. வாசலில் நாற்பது பேர். விஜயகலா டிக்கெட் கட்டை மேசையில் வைத்துவிட்டு முன்னால் போய் நின்றாள். ஒரு வருடமாகக் கதவோரம் நின்று கேட்டதை ஒரு சொல் பிசகாமல் சிங்களத்தில் ஒருதரம், ஆங்கிலத்தில் ஒருதரம் சொல்லி முடித்தாள். ஆறு வருடமாக அவள்தான் சொல்லுகிறாள். தமிழில் சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"தமிழ்லயும் மனப்பாடம்தான் அண்ணே. கேக்கத்தான் ஆளில்ல" என்று என்னிடம் சிரித்தாள்.

சங்கம் எழுதிக் கொடுத்த அந்த உரையில் ஒரு வரி அவளுக்கு ஆகாது. வாண்டர்லான் காலத்துக் கச்சேரிகளைப் பற்றியது. விருந்தினர்கள் புல்வெளியில் அமர்ந்திருக்க, தோட்டத் தொழிலாளர்கள் வேலிக்கு வெளியே நின்று ரசித்தார்கள் என்பது அந்த வரி.

"ரசிச்சாங்களாம். அவங்ககிட்ட யாரு போய்க் கேட்டாங்க?" என்பாள். ஆனாலும் ஒரு நாளைக்கு நாலுதரம் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சம்பளம் வாங்குகிறாளே.

போன வருடம் முதல் கச்சேரிக்கு அம்மாவைக் கூட்டி வந்தாள். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நானே எடுத்துப் போட்டேன். தங்கம்மா அக்கா அதைத் தொடவில்லை. முன்வரிசையில் இப்போது தோட்டத்தை நிர்வகிக்கும் துரை உட்கார்ந்திருந்தார். அக்கா நேரே செம்பருத்தி வேலிப் பக்கம் போய், ஒரு மணி நேரமும் அங்கேயே நின்றார்.

"தொர இருக்க எடத்துல நா எப்பிடிப்பா உக்கார்றது?" என்றார் என்னிடம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை பிடிக்கவேண்டும் என்பதுபோலச் சொன்னார்.

அதோடு போயிருந்தால் சரி. கொழும்புப் பெண்மணி ஒருவர், சற்று முன்புதான் விஜயகலாவின் உரையைக் கேட்டவர், வேலியோரம் அக்காவைக் கண்டதும் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். பிறகு விஜயகலாவிடமே அதைக் காட்டி, "நீங்கள் சொன்னபடியே, அந்தக் காலம் மாதிரியே இருக்கிறது" என்று மகிழ்ந்துபோனார். படத்தில் இருப்பது தன் அம்மா என்று விஜயகலா சொல்லவில்லை. நாற்காலிகளை அடுக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்று அழுதாள். நான் அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

அந்த ஒரு வருடமும் அவளுக்கு அதே எண்ணம்தான். அடுத்த ஆகஸ்டில் அம்மாவை வேலியோரம் நிற்க விடக்கூடாது. கடைசி வரிசையும் போதாது, முன்வரிசை. ஊழியர்களின் குடும்பத்துக்கு ஓர் இடம் உண்டென்று சங்கத்திடம் எழுதி வாங்கிக்கொண்டாள். அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

"தொர வந்தா எந்திரிச்சிருவேன். அப்பறம் என்னையச் சொல்லக்கூடாது" என்றார் அக்கா.

"அவரு அன்னைக்கு கொழும்புல மீட்டிங்குங்க அம்மா. வரவே மாட்டாரு. நா ஆபீஸ்ல கேட்டுட்டேன்."

இந்த உறுதியின் பேரில்தான் தங்கம்மா அக்கா வந்தார். கல்யாணச் சேலை, திருநீறு, கையில் ஒரு மஞ்சள் பை. கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே விஜயகலா அவருக்குப் பங்களாவைச் சுற்றிக் காட்டினாள். தமிழில் அவள் சொன்ன முதல் உரை அதுதான். கேட்க ஒரே ஆள். ஜன்னல் பக்கம் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த நானும் காதைக் கொடுத்தேன்.

பியானோவுக்கு முன்னால் அக்கா நின்றார். "இந்தத் தொரைக்கு வேல என்னா?"

"பாட்டு எழுதுனாருங்க அம்மா."

"அப்ப தோட்டத்த யாரு பாத்தா?"

ஆறு வருடத்தில் எந்த வெளிநாட்டுக்காரரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்று விஜயகலா பிறகு சொன்னாள். வேலி வரி வந்தபோது மட்டும் அவள் அதை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

கச்சேரி தொடங்கியது. பியானோவுக்கு ஒருவர், வயலினுக்கு ஒரு அம்மணி. முன்வரிசையின் வலது ஓரத்தில் தங்கம்மா அக்கா, செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, நுனியில் உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கச்சேரிகளில் ஒரு சங்கடம் உண்டு. எப்போது கைதட்டுவது என்று இரத்தினபுரி மாவட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. முன்பொரு தடவை பாட்டு முடிந்துவிட்டதென்று பாதியில் தட்டி, வயலின் அம்மணியிடம் எல்லோரும் முறைப்பு வாங்கினார்கள். அதிலிருந்து வங்கி மேனேஜர், டாக்டர், கொழும்புக்காரர் எல்லோருக்கும் கண் முன்வரிசையில்தான். முன்வரிசை செய்வதையே மற்றவர்களும் செய்வார்கள்.

மூன்றாவது உருப்படி மிக மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அப்போது கீழே ஜீப் சத்தம். கொழும்பு மீட்டிங் முன்னதாகவே முடிந்துவிட்டதாம். துரை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, சரளைக் கல்லில் சத்தம் வராமல் நடந்து வந்தார். நாற்பது வயதுகூட இல்லாத சிங்கள இளைஞர், நல்ல மனிதர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவரைக் கண்டால் எழுந்து நிற்பது தொழிலாளருக்குப் பழக்கம். அவர் கேட்டதில்லை, வேண்டாமென்றதும் இல்லை.

தங்கம்மா அக்கா எழுந்தார்.

நான் பின்னால் நின்றேன். விஜயகலா படிக்கட்டில் நின்றாள். அவள் கை படிக்கட்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டது. ஒரு வருடப் பாடு முழுக்க அந்த ஒரு எழும்பலில் போயிற்று என்று நானும் நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் தெரியாது.

ஆனால் முன்வரிசையில் ஒருவர் எழுந்தால் இரண்டாம் வரிசை சும்மா இருக்குமா? டாக்டர் எழுந்தார். டாக்டரைப் பார்த்து வங்கி மேனேஜர் குடும்பத்தோடு எழுந்தார். பாட்டில் ஏதோ மரியாதைக்குரிய இடம் வந்துவிட்டது போலும் என்று கொழும்புக்காரர்கள் அவசரமாகக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். அரை நிமிடத்தில் என்னுடைய நூற்றிருபது நாற்காலியும் காலி. பியானோக்காரர் ஓரக்கண்ணால் பார்த்து மிரண்டார், ஆனால் வாசிப்பை நிறுத்தவில்லை.

துரை வந்து பார்த்தால் சபை முழுவதும் நிற்கிறது. தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல அவரும் தொப்பியை நெஞ்சில் வைத்து விறைப்பாக நின்றார். கண்ணைப் பியானோவிலிருந்து எடுக்கவில்லை.

இப்போது விஷயம் சிக்கிக்கொண்டது. துரை உட்காராமல் அக்கா உட்காரமாட்டார். அக்கா உட்காராமல் சபை உட்காராது. சபை உட்காராமல் துரை உட்காரமாட்டார். அந்த உருப்படியோ முடிகிற வழியாக இல்லை.

முப்பத்துநான்கு வருடம் மலையில் ஏறி இறங்கிய முழங்கால் அக்காவுடையது. முதலில் பாரத்தை இடது காலுக்கு மாற்றினார். பிறகு வலதுக்கு. பிறகு துரையைத் திரும்பிப் பார்த்தார். அவர் இவரைப் பார்க்கவேயில்லை. விஜயகலா ஓடி வந்து உட்கார வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

தங்கம்மா அக்கா துரையை இன்னொருதரம் பார்த்தார். நன்றாக, நின்று நிதானமாகப் பார்த்தார். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை நுனியில் இல்லை, சாய்ந்து.

அதன் பிறகு டாக்டர் உட்கார்ந்தார். வங்கி மேனேஜர் உட்கார்ந்தார். கொழும்பு உட்கார்ந்தது. துரைக்கு மட்டும் இடமில்லை. உருப்படி முடியும்வரை அவர் ஓரத்தில் நின்றே கேட்டார். நான் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு விஜயகலா அம்மாவின் காலடியில் புல்லில் உட்கார்ந்து, செருப்பை எடுத்துக் கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, நீங்க உக்காந்தப்ப தொர நின்னுக்கிட்டில்ல இருந்தாரு? கவனிக்கலையா?"

"கவனிச்சேன்" என்றார் தங்கம்மா அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே. "சின்ன வயசு. நிக்கட்டும்."