படுக்கையறை போன்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டுக்கு இன்டர்நெட் விற்றவன் மேல் லைன்மேனுக்கு ஒன்பது வருஷமாக ஆத்திரம். விற்றவன் மாற்றலாகிப் போய்விட்டான். அந்த வீட்டு டீச்சர் அக்காவிடம் பாட்டு வாங்கியது லைன்மேன்தான்.

செல்போன் சிக்னல் எட்டிப் பார்க்காத இடம் அது. அக்கா ஓய்வுபெற்றவர், தனிக்கட்டை. வெளிநாட்டு மகனின் முகத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்கத்தான் இன்டர்நெட் வாங்கினார். படமோ நிமிஷத்துக்கொரு தடவை நின்றது.

“வாயைப் பிளந்தபடியே நிக்கிறான் தம்பி. பேசறானா, கொட்டாவி விடறானான்னு தெரியறதுக்குள்ள லைன் போயிடுது.”

“கம்பி நீளம்க்கா. துவைச்சா சுருங்க அது என்ன துணியா?”

ஒரே வழிதான் இருந்தது. ஹாலிலிருந்து படுக்கையறை போனுக்குப் போன கிளைக் கம்பியும் சிக்னலைத் தின்றுகொண்டிருந்தது.

“அதை வெட்டினா கொஞ்சம் தேறும். ஆனா கட்டில் பக்கத்துல போன் இருக்காது.”

“வெட்டு. படுத்துக்கிட்டு யார்கிட்ட பேசப் போறேன்?”

வெட்டினான். அன்று மகன் முகம் நிற்காமல் சிரித்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன மாதம், பெருமழைக்குப் பிறகு லைன் பார்க்கப் போனவன், கட்டிலுக்கும் ஹாலுக்கும் நடுவே தரையில் கிடந்த அக்காவைக் கண்டான். இடுப்பு முறிந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. ஹால் போன்வரை தவழ முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மகன் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. கேட்டுக்கொண்டது இதுதான்:

“ரூம்ல ஏன் போன் இல்லன்னு கேப்பான். அவனைப் பாக்கத்தான் வெட்டச் சொன்னேன்னு சொல்லிடாதே தம்பி. தானா கெட்டுப்போச்சு, ரிப்பேர் பாக்க நீதான் வரலன்னு சொல்லு.”