அண்ணனா, தம்பியா

அலுவலகத்தில் அவளைச் சப்டைட்டில் அக்கா என்பார்கள். ஐம்பத்து மூன்று வயது. வெளிநாட்டு அனிமே தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதியும், அடியில் ஓடும் எழுத்துகளைத் திருத்தியும் இருபத்தாறு வருடமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். அவள் கணவருக்கு அதெல்லாம் பொம்மைப் படம். அனிமே என்று எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தும் அந்த மனிதர் வாயில் ஏறவில்லை. ஏறித்தான் ஆகவேண்டுமா என்று இப்போது அவளுக்கே தோன்றுகிறது. எதையும் யாருக்கும் விளக்குகிற தெம்பு அவளிடம் மிச்சமில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவள் பெயருக்கு ஒரு பெட்டி வந்திருந்தது. 'மாங்கா – 11' என்று மேலே எழுதியிருந்தார்கள். காவலாளி அதை மூக்குவரை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

"என்னம்மா, மாங்கான்னு போட்டிருக்கு, வாசனையே காணோமே?"

"இது படிக்கிற மாங்கா அண்ணே. படக்கதைப் புத்தகம்."

"படிச்ச மாங்காவா? அது நம்ம ஆபீஸ்ல மாடிக்கு மாடி இருக்கே!"

வேறொரு நாளாக இருந்தால் நின்று சிரித்திருப்பாள். அன்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். ஐந்தாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது. 'கதவுகள் மூடப்படுகின்றன' என்று லிஃப்டில் பேசுவது அவளுடைய தம்பியின் குரல். உடம்புக்கு நல்லது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு தினமும் படியிலேயே ஏறுவாள்.

பெட்டிக்குள் இருந்தது 'ஏழாம் மதகு' என்ற கதையின் பதினொரு தொகுதிகள். ஆற்று மட்டத்துக்குக் கீழே ஒரு நகரம். அதைக் காக்கும் ஏழு மதகுகள். ஏழாவது மதகு உடைந்த அன்று இரண்டு சகோதரர்கள் பிரிந்துவிடுகிறார்கள். தொலைந்தவனைத் தேடி மற்றவன் ஊரெல்லாம் அலைகிறான், அவ்வளவுதான் கதை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் இது முப்பத்தொன்பது அத்தியாயத் தொடராக வந்தபோது தமிழ் வசனம் எழுதியது அவள். இப்போது அதையே இருபத்து நான்கு அத்தியாயங்களாகப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். பழையதையும் புதியதையும் மூலப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பழைய வசனங்களில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றவேண்டும் என்று பத்து நாளில் அறிக்கை தரவேண்டும்.

இது இளைஞர்கள் ஆசை ஆசையாகச் செய்கிற வேலை. அவளுக்கு மூன்றாம் நாளே கண்ணைக் கட்டியது. ஒரு திரையில் பழையது, பக்கத்துத் திரையில் புதியது, மடியில் புத்தகம். பழைய தொடரில் மழை மூன்று அத்தியாயம் விடாமல் பெய்யும். புத்தகம் அப்போது பாதிதான் வெளிவந்திருந்தது, அதனால் ஒரே காகத்தை ஒன்பது தடவை பறக்கவிட்டு நேரத்தை இழுத்திருந்தார்கள். கதாநாயகனின் தலைமுடி காலையில் பழுப்பாக இருக்கும், மதியம் கறுப்பாகிவிடும். புதியதில் அந்தக் குளறுபடி ஒன்றுமில்லை. மழை பளபளவென்று பெய்து, சொன்ன நேரத்தில் நிற்கிறது. பழையதில் ஒரு முழு அத்தியாயம் கதாநாயகன் ஒற்றைச் செருப்பைத் தேடுவான். அது புத்தகத்தில் கிடையாது, புதியதிலும் கிடையாது. வெறும் இட்டுநிரப்பல்தான். ஆனால் அந்த அத்தியாயத்தைத்தான் அவள் இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். செருப்பைத் திட்டுகிற வசனங்களில் பாதியைத் தம்பி ஒலிப்பதிவு அறையில் நின்றபடியே சொந்தமாக அடித்துவிட்டிருந்தான். எழுதிக்கொடுத்ததைவிட அதுதான் நன்றாக இருந்தது.

கதாநாயகனுக்குக் குரல் கொடுத்தவன் அவன்தான். முதல் அத்தியாயத்தின் கடைசியில், வெள்ளம் மற்றவனை இழுத்துக்கொண்டு போகும்போது, "அண்ணா!" என்று நான்கு விநாடி கத்துவான். அந்தக் கத்தல் அந்த வருடம் ஊரையே ஒரு கலக்கு கலக்கியது. பிள்ளைகள் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் அண்ணா, பென்சில் தொலைந்தாலும் அண்ணா. தங்கை கூட இல்லாத ஒற்றைப் பிள்ளைகளெல்லாம் மொட்டைமாடியில் நின்று அண்ணா என்று அலறின.

பிரிவுத் தலைவர் அந்தப் பிள்ளைகளில் ஒருவர். இப்போது முப்பது வயது, கழுத்தில் அடையாள அட்டை.

"மேடம், என்ன மாத்தினாலும் அந்த 'அண்ணா' அப்படியே இருக்கணும். அதுக்காகவே பாக்க வருவாங்க. உங்க தம்பியையே கூப்பிட்டு முழுத் தொடரும் பேச வெச்சிடலாம்."

"அந்தக் கத்தல் இல்லைன்னா?"

"அப்போ புதுக் குரலே போதும் மேடம். ஏன் கேக்கறீங்க?"

சும்மாதான் என்றாள். சும்மா கேட்கவில்லை. ஆனாலும் ஆசை தாங்காமல் அன்று மாலையே தம்பியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். நாற்பத்தேழு வயது ஆள் போனில் சின்னப் பையன் மாதிரி, "நிஜமாவா அக்கா?" என்றான். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்கிறான், குளிர்ந்தது எதையும் தொடுவதில்லை என்று அவன் மனைவி சொன்னாள். அவசரப்பட்டுச் சொல்லித் தொலைத்தோமே என்று இவள் தன்னையே நொந்துகொண்டாள்.

அந்தக் கேள்விக்குக் காரணம் மூன்றாம் தொகுதியில் இருந்தது. அதில் கதாநாயகனுக்கு நான்கு வயது. காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். பிறந்து சில நாளே ஆன குழந்தையை அவன் மடியில் வைத்து, 'தலையைப் பிடி, தலையைப் பிடி' என்கிறாள் அம்மா. அந்தக் குழந்தைதான் பின்னால் வெள்ளத்தில் போனவன். புதிய தொடரின் பதினான்காம் அத்தியாயத்திலும் அதே காட்சி, அதே அம்மா, அதே மடி. பழைய தொடரில் அந்தக் காட்சியை எடுக்கவே இல்லை.

தொலைந்தவன் அண்ணன் இல்லை, தம்பி.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் வசனத்தாள் ஆங்கிலம் வழியாகத்தான் அவளுக்கு வந்தது. அந்த மொழியில் இரண்டு பேருக்கும் ஒரே சொல். யார் மூத்தவன், யார் இளையவன் என்று ஆங்கிலத்தாள் மூச்சுவிடவில்லை. தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது, கூப்பிட வாயைத் திறந்தாலே வயசு வெளியே வந்துவிடும். படத்தில் இரண்டு பையன்களும் ஒரே உயரம். கேட்க ஆளில்லை, ஒரு வாரம்தான் கெடு. 'தம்பி' என்றால் நடுவில் உதடு ஒட்டும், கடைசியில் வாய் சுருங்கும். திரையில் அந்தப் பையன் வாயைக் குகை மாதிரி திறந்துவைத்திருந்தான். 'அண்ணா' கச்சிதமாக உட்கார்ந்தது. போட்டுவிட்டாள். ஒரு வாயசைவுக்காக ஒரு பிறப்பு வரிசையையே புரட்டிப்போட்டுவிட்டாள்.

இப்போதும் சமாளிக்கலாம். சமாளிப்பதில் அவள் பழம் தின்று கொட்டை போட்டவள். தணிக்கைக்குப் பயந்து காதலர்களை ஒன்றுவிட்ட சகோதரர்களாக்கியிருக்கிறாள், சாராயத்தைப் பழச்சாறாக்கியிருக்கிறாள். அந்தக் குழந்தையைச் சித்தி மகன் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டால் 'அண்ணா' பிழைத்துக்கொள்ளும், தம்பிக்கு இருபத்து நான்கு அத்தியாயம் கிடைக்கும். அந்த வரியைத் தட்டச்சு செய்தும் விட்டாள். ஒரு மதியம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அழித்தாள். நேர்மை, தொழில் தர்மம் என்றெல்லாம் பெரிய வார்த்தை எதுவும் அவள் மனதில் ஓடவில்லை. அண்ணனைத் தொலைத்த தம்பி எங்கே நின்றும் அழலாம், பார்க்கிறவர்கள் தூக்கி அணைத்துக்கொள்வார்கள். தம்பியைத் தொலைத்த அண்ணன் யாரிடம் போய் அழுவான்? அந்தப் பையன் தொடர் முழுக்க ஏன் அப்படிக் குனிந்த தலையோடு அலைகிறான் என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அவனை மறுபடியும் குட்டித் தம்பியாக்கி ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. 'இது என் பிழை. தொலைந்தவன் இளையவன். அண்ணா என்ற சொல் வரக்கூடாது' என்று எழுதி அனுப்பினாள்.

பிரிவுத் தலைவர் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. "பரவாயில்ல மேடம். அப்போ புதுக் குரல் பாத்துக்கறோம்" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மதியம் தம்பி வீட்டுக்குப் போனாள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவனிடம் நேரில் சொல்லாமல் விட்ட கணக்கே நிறைய இருந்தது. அவன் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற நிரந்தர வேலையில் இருந்தவன். 'உன் குரலுக்கு இதெல்லாம் ஒரு வேலையாடா' என்று சொல்லி அதை விடவைத்துக் கூட்டிவந்தவள் அவள். தொடர் முடிந்தது. அந்தக் கத்துகிற பையனைக் கூப்பிடு என்று ஆளாளுக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள், பிறகு மறந்தார்கள். நான்கு வருடம் அவனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ஒலிப்பதிவுக் கூடமாக ஏறி இறங்கினாள். பிறகு இந்த அலுவலகத்தில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். அதன்பின் குரல் வேண்டும் என்று யாராவது போன் செய்தால் வேறு பெயர்களைச் சொன்னாள். ஏன் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

கதவு சும்மா சாத்தியிருந்தது. அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். படுக்கையறையில் துணி அலமாரி திறந்திருக்க, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்து நின்றுகொண்டு, "டோக்கன் எண் நூற்றுப் பதினெட்டு" என்றான். எதிரொலி வராமலிருக்க அதுதான் அவனுடைய ஒலிப்பதிவுக் கூடம். ஏதோ மருத்துவமனைக்காம், முந்நூறு வரை சொல்லவேண்டும். அக்காவைப் பார்த்ததும் இரண்டு விரலைக் காட்டினான். அவள் கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். நூற்றுப் பத்தொன்பதையும் நூற்று இருபதையும் முடித்துவிட்டு வியர்வையோடு வெளியே வந்தான்.

"வாக்கா. தேதி சொல்லிட்டாங்களா?"

வழியெல்லாம் பக்குவமாகக் கோத்து வைத்திருந்த வார்த்தைகளை எடுத்துச் சொல்லக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது. "அது அண்ணா இல்லடா. தம்பி" என்றாள்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. மூன்றாம் தொகுதி, மடியில் வைத்த குழந்தை, ஆங்கிலத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் சிரித்தான்.

"இருபத்திரண்டு வருஷமா ஊரே தப்பான ஆளைக் கூப்பிட்டுட்டு இருந்துச்சா?"

"ஆமா."

"அப்போ நான் இல்ல."

"இல்லடா. நான்தான் எழுதிக் குடுத்தேன். எழுதாம விட்டிருந்தா உனக்குக் கிடைச்சிருக்கும்."

அவன் முகத்தைத் துண்டால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "சரி விடு. நாளையிலேருந்து ஐஸ் தண்ணி குடிக்கலாம்" என்றான். பிறகு அவள் பையிலிருந்து எட்டிப்பார்த்த புத்தகத்தை எடுத்தான். ஒன்பதாம் தொகுதி. அந்தக் குறிப்பை அனுப்பிய பிறகுதான் அவள் அதுவரைக்கும் படித்துச் சேர்ந்திருந்தாள். ஒரு பக்கத்தில் பேருந்துச் சீட்டைச் செருகிவைத்திருந்தாள். அவன் அந்தப் பக்கத்தைத் திறந்தான். பக்கம் முழுக்க இரண்டு கைகள். பிடித்திருந்த கையின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன. அடியில் ஒரே ஒரு பேச்சுக் கட்டம். ஆங்கிலத்தில் இருந்த அதைத் தமிழாக்கி, எந்தக் குரலும் போடாமல், வெறுமனே படித்தான்.

"வெள்ளம் பிடுங்கல. கை வலிச்சுது. விட்டுட்டேன்."

பக்கத்தை மூடாமலே, "நம்மோடதுல அலைதானே வந்து இழுத்துக்கிட்டுப் போகும்?" என்றான்.

"ஆமா. புதுசுல கை வழுக்கிடுது."

"ரெண்டு தடவை எடுத்தவங்களுக்குமே இதைச் சொல்ல மனசு வரல போல."

அவள் தலையாட்டினாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் தானாகப் பேசியது.

"எனக்கும் வலிச்சுதுடா."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நாலு வருஷம் உன்னைக் கூட்டிக்கிட்டு ஒவ்வொரு வாசலா நின்னேன். ஒருநாள் முடியல. உன்மேல தப்பே இல்ல. எனக்கு அலுத்துப்போச்சு. அதான் போன் வந்தா வேற பேரைச் சொன்னேன்."

"அலுத்துப்போச்சு. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் புத்தகத்தை மூடிக் கட்டிலில் வைத்தான். கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். கோபம் வரவில்லை.

"என் குரல் தேறாதுன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு, மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம நீ ஒதுங்கிட்டேன்னு நினைச்சேன் அக்கா" என்றான். "பதினெட்டு வருஷமா அப்படித்தான் நினைச்சிட்டிருக்கேன்."

அவளுக்கு அவன் குரல் முதல் நாளிலிருந்தே பிடிக்கும். யாரிடமெல்லாமோ போய்ச் சொன்னதை அவனிடம் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொன்னாள். "உன் குரல் ரொம்ப நல்ல குரல்டா" என்றாள். நெஞ்சிலிருந்துதான் சொன்னாள், ஆனால் இவ்வளவு தாமதமாக வந்ததால் அது ஆறுதலுக்குச் சொல்வது போலவே அவள் காதுக்கும் கேட்டது. "சரிக்கா" என்றான் அவன்.