டேப் சுற்ற மறுத்தவர்

நான் ஓட்டிய லாரியில், புகையை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு கோளாறு என்று விளக்கு எரிந்தது. "சென்சாரை நோண்டிட்ட. வண்டியை விட்டு எறங்கிடு" என்றார் ஓனர் போனில்.

வழியில் வேங்கிக்காலில் இருந்த ஒரு எலக்ட்ரீஷியன் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். உடைந்த மூக்குக் கண்ணாடியைச் செம்புக் கம்பியால் கட்டியிருந்தார். எந்தப் பாகத்தையும் கழற்றுமுன் ஒயரை விரலால் தடவிப் பார்த்தார். எஞ்சின் ஓடும்போதே சென்சார் ஒயரை ஆட்டினார். மீட்டரில் எண் குதித்தது. கிளாம்பில் உரசி ஒயரின் தோல் போயிருந்தது.

"டேப் சுத்திடுங்க பாய், கெளம்பறேன்."

"சுத்திட்டா தப்பு உன் மேலயே நிக்கும். லைட்டு எரிஞ்சா உடனே டிரைவரா? ஓனர வந்து பாக்கச் சொல்லு."

ஓனர் வந்தார், பார்த்தார். "சரி, இவன் தப்பில்ல. சுத்துங்க."

"அவன் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க."

சொன்னார். அதன் பிறகே டேப் வெளியே வந்தது.

ஊர் ஊராகத் திட்டு வாங்கிப் பழகிய எனக்கு வராத கோபம், என் பெயரைக்கூடக் கேட்காத அவருக்கு ஏன் வந்தது?