கையெழுத்தைக் கண்டுபிடித்தவன்

எனக்கு ஒரு திறமை இருந்தது. பெயர் எழுதாத தாளைக் காட்டினால் எழுதிய பிள்ளை யார் என்று சொல்லிவிடுவேன். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தேன். ஐந்து வகுப்புகளின் கையெழுத்து நோட்டுகளையும் சாயங்காலம் நானேதான் பார்ப்பேன். ஒருவனுடைய எழுத்துகள் எல்லாம் காற்றடித்தது போல ஒரு பக்கம் சாயும். ஒருத்தி புள்ளி வைக்கும் இடத்தில் எல்லாம் தாளைக் கிழிப்பாள். உடன் வேலை பார்த்த ஆசிரியர்கள் ஏதாவது ஒரு தாளை நீட்டி விளையாட்டாகச் சோதிப்பார்கள். நான் தோற்றதே இல்லை.

அந்தத் திறமையை வைத்து நான் ஒரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றவர்கள் பலர். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு பள்ளியில் ஒரு பெட்டி வைத்தோம். பிள்ளைகள் மனதில் இருப்பதைப் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். பச்சைப் பெயிண்ட் அடித்த தகரப் பெட்டி. சாவி என் மேசை இழுப்பறையில். அதே வாரம் ஓர் ஓவியரை வரவழைத்து, குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்ணையும் சுவரில் பெரிதாக எழுத வைத்தேன். எனக்கு எதுவும் தெரியாது என்று நான் சொல்ல முடியாதபடி அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் பெட்டியைத் திறப்பேன். முட்டை சின்னதாக இருக்கிறது, பந்து வாங்கித் தாருங்கள், இரண்டாம் வகுப்பு டீச்சர் தலையில் கொட்டுகிறார் என்றெல்லாம் இருக்கும். சத்தமாக வாசிப்பேன். வாசித்துவிட்டு, எழுதிய பிள்ளையைக் கூட்டத்திலிருந்து விரலால் சுட்டிக் கூப்பிடுவேன். பிள்ளைகள் கை தட்டும். சாருக்கு எழுத்தைப் பார்த்தாலே ஆள் தெரியும் என்று வீட்டில் போய்ச் சொல்லும். பெயர் போடாமல் எழுதச் சொன்ன பெட்டியை நான் ஒரு வித்தைக்காரனின் பெட்டியாக ஆக்கிவைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த சீட்டில் மூன்று வரிகள் இருந்தன. 'ஆட்டோ மாமா என்னை மட்டும் முன்னாடி உட்கார வைக்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை. பின்னாடி உட்காரச் சொல்லுங்கள் சார்.'

அதைக் கூட்டத்தில் வாசிக்கவில்லை. அந்த அளவுக்காவது புத்தி இருந்தது என்று பல நாள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் எழுத்தைப் பார்த்ததும் ஆள் தெரிந்துவிட்டது. நான்காம் வகுப்பு. ஒன்பது வயது. சோழபுரம் பக்கமிருந்து வரும் பிள்ளை. 'ற'வின் வாலைக் கோட்டுக்குக் கீழே ஓர் அங்குலம் இழுத்து விடுவாள். அம்மா பஞ்சாலையில் காலை ஷிப்ட். அப்பா பட்டாளத்தில். அதனால்தான் ஆட்டோ.

அந்த ஆட்டோக்காரர் பள்ளிக்கு வேண்டியவர். சத்துணவுக்குக் காய்கறி அவர் வண்டியில்தான் வரும். கொடிக்கம்பம் சாய்ந்தபோது நிமிர்த்தி நட்டவர். ஆண்டு விழாவுக்கு நாற்காலி இறக்குவார். நானே மேடையில் அவருக்குத் துண்டு போர்த்தியிருக்கிறேன். ஆகவே நான் செய்தது இது: மதியம் அவரை என் அறைக்குக் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டேன். இருவரையும் ஒன்றாக நிற்க வைத்தேன். நான்காம் வகுப்பு டீச்சரும், நோட்டு வாங்க வந்த இரண்டு மூன்று பிள்ளைகளும் வாசலில் நின்றார்கள்.

அவர் சிரித்தார். "பின்னாடி ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு சண்டை போடுதுக சார். அதான் சின்னப் பிள்ளைய முன்னாடி வச்சுக்கிடுதேன். இதுக்குப் போயி சீட்டு எழுதிருக்கே இந்தக் கழுத."

நான் பிள்ளையிடம் கேட்டேன். "ஏட்டி, இது நீ எழுதுனதா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய செருப்பைப் பார்த்தாள். "நான் எழுதல சார்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். என் திறமையை ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை பொய் என்கிறதே என்று எனக்குச் சுருக்கென்றது. ஒரு தாளைக் கொடுத்தேன். அதே மூன்று வரிகளைச் சொல்லச் சொல்ல அவளை எழுத வைத்தேன். அவர் பக்கத்தில் நிற்கிறார். அவள் எழுதுகிறாள். 'ற' வந்தது. வால் கீழே இறங்கியது. இரண்டு சீட்டுகளையும் சேர்த்துப் பிடித்து டீச்சரிடம் காட்டினேன். டீச்சர் வியந்தார். பிள்ளையிடம், எதைச் செய்தாலும் பொய் சொல்லக் கூடாது என்று சொன்னேன். ஆட்டோக்காரரிடம், இனிப் பின்னால் உட்கார வையுங்கள் என்று சொன்னேன். அவர் சரி என்றார். மாத அறிக்கையில் 'புகார் ஏதும் இல்லை' என்று எழுதினேன்.

இரண்டு சீட்டுகளையும் ஒரு நோட்டில் அடுத்தடுத்து ஒட்டி வைத்தேன். பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்குக் காட்டலாம் என்று.

அன்று சாயங்காலம் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். ஆட்டோ கிளம்பியது. அவள் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய் பீரோவைப் பூட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் கையெழுத்து மாறியது. எழுத்துகள் சிறுத்தன. வால் எதுவும் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பேசமாட்டாள். காலையில் வயிறு வலி என்று பல நாள் வரவில்லை. ஐந்து வகுப்புப் பிள்ளைகளின் எழுத்தையும் படிக்கத் தெரிந்த எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை என்று எழுதினால் அது பொய். படித்தேன். படிக்காதது போல இருந்தேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவள் அம்மா வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தம்பி வீட்டில் விட்டுப் படிக்க வைக்கப் போவதாகச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் காலம் அப்படி என்கிறார்கள். அது எந்தக் காலம்? சுவரில் எண் எழுதிய காலம். அன்று எல்லாரும் அப்படித்தான் என்கிறார்கள். எல்லாரும் இல்லை. அந்த அறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

பதின்மூன்று ஆண்டுகள் போயின. போன ஜூன் மாதம் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். கேட் அடைத்திருந்தது. பக்கத்தில் ஒரு மஞ்சள் பள்ளி வேன் வந்து நின்றது. ஓட்டியவர் அந்த ஆட்டோக்காரர்தான். தலை நரைத்து, கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு சின்னப் பெண் பிள்ளை. பை மடியில். கேட் திறந்தது, வேன் போய்விட்டது. பின்னால் பைக்கில் வந்தவர், பெரியவரே ஓரமா நில்லுங்க என்று கத்தும்வரை நான் நகரவில்லை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி முடித்துவிட்டு, காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மைதானத்தில் ஓடிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அம்மாவும், அவருடைய தம்பியான மாமாவும் இருந்தார்கள். சாரே நம்ம வீடு தேடி வந்திருக்காகளே என்று அம்மா காபி போட ஓடினார். காபி வந்ததும் நான் எழுந்து நின்று கைகூப்பினேன். அன்று உன்னிடம் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று தொடங்கினேன். மாமா, அவளைத் திரும்பிப் பார்த்து, என்ன விசயம் என்றார். அம்மாவின் முகம் மாறியது.

அவள் நான் தொடாத தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். "சாருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் கொண்டுபோயி விட்டுட்டு வாரேன்" என்றாள்.

தெருவைத் தாண்டினோம். பிறகு நின்றாள்.

"அன்னைக்கும் ஆளுகளை வச்சுக்கிட்டுத்தான் கேட்டீங்க. இன்னைக்கும் அம்புட்டுப் பேரையும் வச்சுக்கிட்டுத்தான் கேக்கீங்க. உங்களுக்குத் தனியாக் கேக்கவே வராதா சார்?"

அவள் குரல் உயரவே இல்லை. அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்றாள். தெரிய வைப்பதா வேண்டாமா என்பதைத் தான் முடிவு செய்ய வேண்டும் என்றாள். மன்னிப்பைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ரயில்வே கேட்டில் பார்த்ததை மட்டும் சொன்னேன். ஒரு டவுன் பஸ் வந்து போனது.

"அந்தச் சீட்டு இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"கொண்டுபோயி குடுங்க. என் பேரு வரக்கூடாது. வரணும்னா நானே வந்து சொல்லுவேன். நீங்க கூப்பிட்டு வரமாட்டேன்."

காலை நடைக்குப் போகும் இடத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாலைந்து பேர் கூடுவோம். அவர்களிடம் சொன்னேன். என்னைவிட மூத்த ஒருவர், ஊரில் உமக்குச் சிலை வைக்காத குறைதான், அந்தப் பெயரை ஏன் கெடுத்துக்கொள்கிறீர் என்றார். இன்னொருவர், பள்ளிக்கூடத்தின் பெயரும் கெடும், பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள் என்றார். என் மகன் சென்னையிலிருந்து போனில் பேசினான். தெரிந்தும் சொல்லாமல் இருந்தது சட்டப்படி குற்றம், நீங்களே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள் அப்பா என்றான். அவன் சொன்னது ஒன்றுதான் உண்மை. ஆமாம், குற்றம். அதனால்தான் போகிறேன் என்றேன்.

பெயராம் பெயர். ஒரு பிள்ளையை முன் இருக்கையில் உட்கார விட்டுக் காப்பாற்றிக்கொண்ட பெயர் எனக்கு எதற்கு? பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்களாம். கேட்காத பள்ளியில் எதற்குச் சேர்க்க வேண்டும்? மூத்தவர் கோபத்தில் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். அவருடைய பள்ளியிலும் ஒரு பெட்டி இருந்தது. அதன் சாவி எங்கே என்று நான் கேட்டதுதான் காரணம்.

மகளிர் காவல் நிலையத்தில் இருந்த உதவி ஆய்வாளருக்கு முப்பது வயது இருக்கும். முழுவதையும் கேட்டார். நோட்டில் ஒட்டியிருந்த இரண்டு சீட்டுகளையும் வெகு நேரம் பார்த்தார். இரண்டாவது சீட்டு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தார்.

"பிள்ளை பேரு?"

"சொல்லமாட்டேன்."

"நீங்கதான சார் எழுத்தைப் பாத்தே ஆளைச் சொல்லுவேன்னீங்க?"

"சொல்லுவேன்மா. ஒரு தடவை சொன்னேன். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

சொல்லாமல் எப்படி என்றார். இப்போது அந்த வேனில் வரும் பிள்ளைகளைக் கேளுங்கள் என்றேன். வீட்டில் போய்க் கேளுங்கள், காக்கி போடாமல் போங்கள், அந்த ஆளை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார்" என்றார் அவர். "உங்களுக்குத் தெரியாததுதான் பிரச்சனை."

சரியான பதில். எனக்கு அது அடி மாதிரி இல்லை, தண்ணீர் மாதிரி இருந்தது. வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று நான்கு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து யாருடையது என்று யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது விசாரணையில் இருக்கிறது. வேறு பிள்ளைகளின் வீட்டுக் கதைகளை எழுத எனக்கு உரிமை இல்லை. என்னையும் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள், இன்னும் கூப்பிடுவார்கள், போவேன். நான் வேலை பார்த்த பள்ளியில் மாட்டியிருந்த என் புகைப்படத்தைக் கழற்றிவிட்டார்களாம். நல்லது. அந்த ஆணியில் பச்சைப் பெட்டியை மாட்டுங்கள் என்று இப்போதைய தலைமையாசிரியைக்கு எழுதிப் போட்டேன். சாவி ஆசிரியர் யாரிடமும் இருக்கக் கூடாது, வெளியிலிருந்து ஒரு பெண் வந்து திறக்க வேண்டும், சீட்டுகளை எந்த ஆசிரியரும் பார்க்கக் கூடாது என்றும் எழுதினேன். பதில் வரவில்லை. மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன்.

அவளிடமிருந்தும் ஒரு செய்தியும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது காலை நடைக்கு நான் தனியாகத்தான் போகிறேன். எட்டேகாலுக்கு ரயில்வே கேட்டில் நிற்பேன். அந்த வேனை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார், இளைஞர். நான் தினமும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, போன வாரம் கேட்டார்.

"யாரைப் பெரியவரே தேடுதீங்க?"

"யாரையும் தேடல. பிள்ளைக எங்க உக்காந்திருக்குன்னு பாக்கேன்."

அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, கதவை அகலத் திறந்து காட்டினார். முன் இருக்கையில் புத்தகப் பைகளும் சாப்பாட்டுக் கூடைகளும் மட்டும் இருந்தன. பின்னாலிருந்து பிள்ளைகள், இந்தத் தாத்தா இன்னைக்கும் வந்துட்டாரு என்று சிரித்தன.

"நாளைக்கும் வருவேன்" என்றேன்.