வாய்த்துணிக்குள் வந்த சோறு

கிருத்திகை விரதத்தன்று என் வாய்த்துணிக்குள் சோறு வந்தது. என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சின்ன முருகன் கோயில் மடப்பள்ளியில் சமைப்பவன் நான். ஏழாவதோடு படிப்பை விட்டவன். சின்ன விஷயத்துக்கும் பயந்து சாகிறவன். எங்கள் மடப்பள்ளியில் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் சமைப்போம். உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்க மாட்டோம். முதலில் சாமி, பிறகுதான் மனிதன்.

2005 ஆடி மாதம். முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். நைவேத்தியச் சோறு வடிக்கக் குனிந்தபோது தொண்டையில் ஏதோ ஏறியது. இருமினேன். துணியெல்லாம் பருக்கை. பக்கத்து அடுப்பில் என் அக்காள் வீட்டுக்காரர். பாவா என்று கூப்பிடுவோம்.

"இன்னாடா இது? விரதம்னு சொல்லிக்கினு சாமி சோத்துல கைய வெச்சிட்டியா?"

"சத்தியமா இல்ல பாவா."

"அப்போ உன் வயித்துல நெல்லு வெளையுதா?"

சோற்றைக் கொட்டிவிட்டு வேறு வடித்தார்கள். இனி அடுப்புப் பக்கம் வராதே என்றார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. புத்தி பேதலித்துத் தின்றுவிட்டேனோ?

நாளுக்கு நாள் இளைத்தேன். விழுங்கினால் நெஞ்சில் நின்றது, படுத்தால் திரும்பி வந்தது. என் மனைவி பிடிவாதமாக ரயிலேற்றி, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அக்காள் அழுததால் பாவாவும் கூட வந்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். உணவுக்குழாயின் அடியில், வயிற்றுக்குச் சற்று மேலே, ஒரு பை தொங்குகிறது என்றார் டாக்டர். குழாயின் வாசல் இறுகிப்போனதால் பக்கத்துச் சுவர் பிதுங்கிப் பையாகிவிட்டதாம்.

"நெஞ்சைத் திறக்காம, வாய் வழியா டியூப் விட்டே செய்யலாம். இறுகின இடத்தை விரிச்சு, பைக்கும் குழாய்க்கும் நடுவுல இருக்கிற சுவரை அறுத்துவிடணும். ஆனா ஓட்டை விழுந்தா ஆபத்து. அப்போ நெஞ்சைத் திறந்துதான் ஆகணும்."

கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

நீராகாரம் மட்டும் என்று சொல்லி, பிறகு அதையும் நிறுத்தினார்கள். பாவா என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திருட்டுத்தனமாகத் தின்பேன் என்று காவல் காக்கிறாரோ என்று நினைத்தேன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது மனதுக்குள் கதறினேன். "தணிகாசலா, உயிரை எடுத்தாலும் எடு. உன் சோற்றைத் திருடித் தின்றவன் என்ற பேரோடு மட்டும் எடுக்காதே."

மயக்க மருந்து கொடுத்தார்கள். அப்புறம் நடந்தது என் மனைவி சொல்லித்தான் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மா கதவைத் திறந்து கத்தினாராம். "யாருங்க பேஷன்ட்டுக்குச் சாப்பாடு குடுத்தது? உள்ள சோறு இருக்கு!"

பாவாதான் எழுந்தாராம். "தண்ணி கூடக் கேட்டுத்தாம்மா குடிச்சான். நான் கண்ண மூடல, பக்கத்துலயே குந்திகினு இருந்தேன். அவன் துன்னல!"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டாராம். உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுத்தாராம். "சிஸ்டர், அவங்களைத் திட்டாதீங்க. என்னிக்கோ சாப்பிட்டது, பையில தங்கியிருக்கு." பாவா சுவரோரம் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டாராம்.

சோற்றை வெளியே எடுத்துச் சுத்தம் செய்த பிறகுதான் சுவரை அறுத்தார்கள். ஓட்டை விழுந்திருக்குமோ என்று மறுபடி படம் எடுத்தார்கள். வெள்ளை மருந்து எங்கும் கசியவில்லை, நேராக வயிற்றில் இறங்கியது. நான் கண் விழித்தபோது பாவா என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விடு பாவா, கூச்சமா இருக்கு."

"ஆங், நல்லா கூசட்டும்டா."

உடம்பு தேறியதும், ஒரு கிருத்திகையன்று பாவாவே என் தலைக்குப் பின்னால் வாய்த்துணியை முடிச்சுப் போட்டார். சோறு வடித்தேன். குனிந்தபோது பயம் வந்தது, சோறு வரவில்லை. பூஜை முடிந்து துணியை அவிழ்த்தேன். மூச்சின் ஈரம் இருந்தது. ஒரு பருக்கை இல்லை.

அன்பர்களே, முருகனிடம் நான் கேட்டது ஒன்று, அவன் கொடுத்தது இரண்டு: நல்ல பேரும் உயிரும். இன்றும் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறேன். ஆனால் அந்தப் பயத்தை இப்போது அவனிடம் சொல்லிவிடுகிறேன். செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நிற்கிறவர்கள் இதைப் படித்தால், நீங்களும் அவனிடம் சொல்லுங்கள். சாட்சிக்கு யாரை எழுப்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.