ஞாயிற்றுக்கிழமை வந்த மெக்கானிக்

எழுபதுகளின் தொடக்கம். அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். அப்பா ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், சபையில் மூப்பர். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் வாங்கிய பழைய கார் ஒன்று எங்களிடம் இருந்தது. அப்பாவுக்கு அதுதான் மூத்த பிள்ளை, நானெல்லாம் அதற்கப்புறம்தான்.

அம்மாவுக்கு இழுப்பு. மழைக்காலத்தில் திடீரென்று மூச்சு முட்டும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டால்தான் அடங்கும். அதற்கு அந்தக் காரைத்தான் நம்பியிருந்தோம். அந்த வருஷம் பார்த்து அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், நடுவழியில் டப்பென்று வெடித்து நின்றுவிடும். ஒரு மெக்கானிக் கார்ப்பரேட்டர் என்றார், இன்னொருவர் பெட்ரோலில் தண்ணீர் என்றார். கழற்றிக் கழற்றி மாட்டியதுதான் மிச்சம். கடைசியில் பெட்ரோல் பங்கில் ஒருவர், "இது டிஸ்ட்ரிபியூட்டர் கோளாறும்மா. பல்லாவரத்துல அதுக்குன்னே ஒர்த்தர் கீறாரு" என்றார்.

நான் டீச்சராக இருந்தேன். ஸ்கூல் விட்டதும் ரயிலேறிப் போய், சந்து சந்தாக விசாரித்து அவரைக் கண்டுபிடித்தேன். ஒரு பஸ் கம்பெனியில் வேலை. பிளக்குகளுக்கு நேரம் தவறாமல் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் அந்தச் சின்னப் பாகத்தைச் சரிபண்ணுவதில் கெட்டிக்காரர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு லீவு. அம்மாவுக்காக அப்பா ஒத்துக்கொள்வார் என்று நினைத்து வரச் சொன்னேன்.

ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய சமயம் வந்தார். அப்பா கேட்டைத் திறக்கவே இல்லை.

"தம்பி, கர்த்தருடைய நாள்ல என் வாசல்ல ஸ்பேனர் சத்தம் கேக்கக் கூடாது. நாளைக்கு வாங்க."

"எனக்கு லீவே இன்னிக்குத்தான் சார். கொஞ்ச நேரத்து வேலதான்."

அப்பா அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சட்டைக்குப் பட்டன்கூடத் தைக்க மாட்டோம். எனக்கு ஆத்திரமாக வந்தது. உள்ளேயிருந்து அம்மாதான், "வந்தவருக்குக் காபியாவது குடு" என்றாள். கேட்டுக்கு மேலாக நான் நீட்டிய டம்ளரை வாங்கிக் குடித்தவர், அம்மாவின் இருமலைக் கேட்டபடி நின்றார்.

"இவங்களுக்காகத்தானாக்கா வண்டி? சரி, பொதன்கெயம அரநாள் லீவு போட்டுனு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய் விடியற்காலை அம்மாவுக்கு மூச்சு முட்டியது. கார் எப்படியோ கிளம்பியது. லெவல் கிராசிங்கில் ரயிலுக்காக நிற்க வேண்டியிருந்தது. ரயில் போன பிறகு கார் உயிர் பெறவில்லை. அப்பா இறங்கி, முன்னால் ஹேண்டிலைப் போட்டு, வேட்டி அவிழ அவிழச் சுற்றினார். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஓடிவந்து தள்ளினார்கள். அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள். யாரோ ஒரு ரிக்‌ஷாவைக் கூட்டி வந்தபோது, பிடித்திருந்த என் கையை அவள் விட்டிருந்தாள்.

புதன்கிழமை அடக்க ஜெபத்துக்கு எல்லாரும் கூடியிருந்தபோது அந்த மெக்கானிக் பையோடு வந்து நின்றார். பந்தலையும் பெட்டியையும் பார்த்தார். அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அம்மாவைக் கும்பிட்டார். பிறகு, தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டிருந்த காரைக் காட்டி என்னிடம் மெதுவாக, "கல்லறைக்கு சார் இதுலதானக்கா வருவாரு? நடுவுல நின்னுடக் கூடாது" என்றார்.

நாங்கள் ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்தோம். ஷெட்டிலிருந்து இன்ஜின் சத்தம் வந்தது. திக்கவில்லை, வெடிக்கவில்லை, ஒரே சீராக ஓடியது. பெட்டியின் தலைமாட்டில் நின்று உரக்கப் பாடிக்கொண்டிருந்த அப்பாவின் குரல் பாதி வரியில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சபையில்கூட அப்பா பாடி நான் கேட்டதில்லை.

அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. எனக்கு அப்பாமேல் இருந்த கோபம் இன்றுவரை முழுசாகத் தீரவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து, ஆராதனை முடிந்து வந்ததும் வாசல் கேட்டை அவர் விரியத் திறந்து வைப்பார். மாடு நுழைந்து செடியைத் தின்றாலும் மூட விடமாட்டார்.

அப்பா போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தக் கேட்டை மூடுவதில்லை. இனி யார் வந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். வர வேண்டியவர் வந்து நின்ற அன்று அது மூடியிருந்தது என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.