முப்பத்தேழு வாக்குகளும் கொடுக்கப்படாத ஒரு மனுவும்

என் தந்தையின் மறைவுக்குப் பின் எங்கள் குடும்பப் பதிவேடு என் கைக்கு வந்தது. பிறப்பு, திருமணம், வேலை, வீடு மாறிய நாள் என்று எல்லாவற்றையும் சான்று பார்த்த பிறகே எழுதுவேன். இந்த ஆண்டு சித்தப்பாவுக்கு எண்பது வயது நிறைந்தது. அவர் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட வரலாற்றை முழுமையாக எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டார்கள். நின்றது நான்கு தேர்தல்கள். அவற்றில் மூன்றை ஒரு வாரத்தில் எழுதி முடித்தேன். எஞ்சிய ஒன்றை இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன்.

சித்தப்பா இருபத்தைந்து ஆண்டுகள் தபால்காரராக இருந்தார். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமியார் மருமகளின் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்த அறிமுகத்தை நம்பித்தான் கட்சி அவரை அழைத்தது. அரசு வேலையில் இருப்பவர் போட்டியிட முடியாது என்பதால் வேலையை விட்டார்.

“வேலையையும் விட்டுட்டு தேர்தல்லயும் தோத்தீங்கன்னா, இந்த வீட்டுக்கு மட்டும்தான் நீங்க தலைவரு. அதுவும் நான் ஓட்டுப் போட்டாத்தான்” என்றார் சித்தி.

தோற்றார். அடுத்த ஐந்தாண்டுகள் கட்சி அலுவலகத்து மூலை மேசையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தார். இரண்டாம் முறை வாக்குக் கேட்கப் போன தெருவில் ஒரு பெண்மணி வழிமறித்தார்.

“என்ன தபால்காரரே, அப்போ எனக்கு ஒரு லெட்டர்கூட கொண்டு வரல. இப்போ ஓட்டு மட்டும் வேணுமாக்கும்?”

“நீங்க உங்க அக்காகூட பேசாம இருந்தா லெட்டர் எப்படிம்மா வரும்? மொதல்ல நீங்க ஒண்ணு போடுங்க.”

தெருவே சிரித்தது. நாலாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

உறுப்பினராக அவர் செய்தவற்றை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. கால்வாய்க்கு ஒரு பாலம், பெண்கள் பள்ளிக்கு நான்கு வகுப்பறைகள், மருத்துவமனைக்கு ஒரு பிரசவ அறை. அவையில் பதினோரு முறை பேசினார், ஒருமுறை தூங்கிவிட்டார். அந்தப் படம் செய்தித்தாளில் வந்ததும் சித்தி அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி, “வீட்டுல வராத தூக்கம்” என்று கீழே எழுதி வைத்தார்.

மூன்றாம் தேர்தலில் நான் அவருடைய தலைமை முகவர். எனக்கு அரசியல் தெரியாது. என் கையெழுத்து நன்றாக இருக்கும், கணக்குப் பிசகாது என்பதற்காகவே என்னை நியமித்தார். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது.

கல்லூரிக் கூடத்தில் எண்ணிக்கை நடந்தது. மேசைகளுக்கும் எங்களுக்கும் இடையே கம்பி வலை. வாக்குச்சீட்டுகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டினார்கள். பிற்பகல் மூன்றரை மணிக்கு இறுதிச் சுற்று முடிந்தது. சித்தப்பா முப்பத்தேழு வாக்குகள் பின்தங்கியிருந்தார். செல்லாதவை என ஒதுக்கப்பட்டவை நானூறுக்கு மேல். வெளியே கட்சிக்காரர்கள் கூச்சலிட்டார்கள். “நீ மனுவை எழுதிக் குடுத்துரு, நான் இவனுங்களை அடக்கிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா வாசலுக்கு ஓடினார்.

தேர்தல் அதிகாரி கண்ணாடி அணிந்த, அதிர்ந்து பேசாத ஒரு பெண்மணி.

“மறு எண்ணிக்கை கேக்கறதா இருந்தா இப்பவே எழுத்துல குடுங்க. அறிவிச்சுட்டா அப்புறம் நான் எதுவும் பண்ண முடியாது” என்றார்.

எழுதினேன். கடைசி வரியில், பதினான்காம் சுற்று என்பதற்குப் பதிலாகப் பதின்மூன்று என்று எழுதிவிட்டதைக் கண்டேன். அடித்துத் திருத்திப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருந்தால் போதும். என் கை அதற்கு இணங்கவில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புதிய தாளில் முதலிலிருந்து தொடங்கினேன். “முகவர், ரெடியா?” என்று அவர் இருமுறை கேட்டது என் காதில் விழுந்தது. “ஒரு நிமிஷம் மேடம்” என்று நிமிராமலேயே சொன்னேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் எதிராளியின் பெயர் வந்தபோது நான் தேதியை எழுதிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா ஓடி வந்தார். “குடுத்தியாடா?”

“டைமே குடுக்கல சித்தப்பா. அறிவிச்சுட்டாங்க” என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்து அவர் தேர்தல் ஆணையத்துக்கு மூன்று பக்கப் புகார் எழுதினார். மேடைகளில் அந்தப் பெண்மணியை விலைபோனவர் என்று பேசினார். விசாரணை நடந்தது. நான் சாட்சி சொன்னேன், அதே வாக்கியத்தை. அந்த அதிகாரியின் பதவி உயர்வு நான்கு ஆண்டுகள் நின்றது. தொலைதூர அலுவலகம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அடுத்த தேர்தலில் கட்சி வாய்ப்பு மறுத்ததால் சித்தப்பா சுயேச்சையாக நின்று தோற்றார். அத்துடன் முடிந்தது.

எழுதிய பக்கங்களைக் கடந்த மாதம் அவரிடம் கொண்டுபோனேன். அன்றைய இரண்டு தாள்களையும் உடன் வைத்திருந்தேன். அவர் பூதக்கண்ணாடி வைத்து எல்லாவற்றையும் படித்தார். சித்தி அருகில் இருந்தார்.

“அழகா இருக்கு. ஒரு அடித்தல் இல்ல” என்றார் சித்தப்பா, இரண்டாம் தாளைத் தூக்கிப் பிடித்து.

“மன்னிச்சிருங்க சித்தப்பா.”

“தோத்ததுக்கா? அந்த முப்பத்தேழை விடுடா. எண்ணியிருந்தா இன்னும் அதிகமாவே தோத்திருப்பேனோ என்னமோ. அந்த அம்மாவை மேடை மேடையா ஏறிக் கேவலமா பேசினேனே... எவன் பேச்சைக் கேட்டு?”

“அவன் அப்பவே சொல்லியிருந்தா மட்டும் நீங்க மேடை ஏறாம இருந்திருப்பீங்களா?” என்றார் சித்தி. யாரும் சிரிக்கவில்லை.

அந்த அதிகாரியின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற ஆண்டிலேயே தேடிக் குறித்துவைத்தேன், பயன்படுத்தவில்லை. சித்தப்பாவின் முன்னால் உட்கார்ந்து அழைத்தேன். நான் யார் என்பதையும், அன்று நடந்ததையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“பத்து நிமிஷம் காத்திருந்தீங்க மேடம். நான் பொய் சொல்லிட்டேன்.”

“பதினாறு நிமிஷம்” என்றார் அவர். “என் பொண்ணு அப்போ ஸ்கூல்ல படிச்சுட்டிருந்தா. ஊர் மாறிப் போனப்போ அவளை இங்க எங்க அம்மாகிட்ட விட்டுட்டுப் போனேன். இப்போ எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? எங்க பொய் சொன்னீங்களோ அங்க எழுதிக் குடுங்க.”

சித்தப்பா தொலைபேசியை வாங்கினார். “அம்மா, நான்தான்...” என்று தொடங்கினார். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

மறுநாளே ஆணையத்துக்கு எழுதினோம். என் வாக்குமூலம் ஒரு பக்கம், அவருடைய வருத்தம் ஒரு பக்கம். நகலை அந்தப் பெண்மணிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை வந்தது, வேறெதுவும் வரவில்லை.

நேற்று, திருத்திய பக்கங்களைக் காட்டச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த சித்தப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். விலகி வழிவிட்டு, “வாங்க, உக்காருங்க” என்றார்.